காலடியில கரண்டு, மடியில பெட்ரோலு

வா மாப்ள, ஒக்காரு. அத்தை காப்பி போடுறா. அதுக்குள்ள கேட்டுட்டியே, "மாமா, பேட்டரிய எங்க வைக்கலாம்?"னு.

உன் சேக்காளி மூணு பேரு மூணு இடம் சொன்னானுகளாக்கும்? நல்லது. நாலாவதா நான் ஒண்ணு சொல்றேன். பேசாம வீட்டுக்குள்ள விளக்கு மாடத்துல வச்சுரு. அங்கருந்து வாசல் வரைக்கும் ஒரு வயரு இழுத்துக்க. வாசலத் தாண்டி இந்தக் காரு போகும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அதனால வயரு பத்தும்.

கோவிச்சுக்காத. 1929-ம் வருசத்துக் காரு. அம்புட்டு வருசம் ஓடியிருக்குன்னா எங்கயோ ஒரு பேட்டரிய வச்சுத்தான ஓடியிருக்கும்? பேரன் பேத்தி எடுத்தவனுக்குப் பொண்ணு பாக்கக் கெளம்புனவன் மாதிரில்ல வந்து நிக்கிற. புதுசா எங்க வைக்கன்னு கேக்குற நீ, மொதல்ல எங்க இருந்துச்சுன்னு கேக்கல. அங்கருந்து ஏன் போச்சுன்னும் கேக்கல. பட்டாசு ஊரு நாரணாபுரத்துல பொறந்தவன் கேக்குற கேள்வியா இது? ஒரு சாமான் இருந்த இடத்துல இல்லைன்னா, அது ஏன் நகந்துச்சுன்னு கேட்டுட்டுத்தான இந்த ஊருல அடுத்த அடி வைப்போம்.

காரு நல்ல காருதான், குத்தம் சொல்லல. போர்டு, மாடல் ஏ. நாலு சிலிண்டரு, 40 குதிரை. 1927 கடைசியில ஆரம்பிச்சு 1932-க்குள்ள 48 லட்சம் எறக்கிட்டான். 1926-லயே இந்தியாவுல கம்பெனியத் தொறந்து, பம்பாய், கல்கத்தா, மெட்ராசுன்னு பாகமா எறக்கிப் பூட்டி வித்தான். நம்ம சிவகாசியில அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டித் தொழிலப் படிச்சுட்டு வந்து கொஞ்ச வருசந்தான் ஆகியிருந்த காலம் அது. அந்தக் காலத்துச் சாமான் உன் கைக்கு வந்திருக்கு. நீ அதுல புளூடூத் பாட்டுப் பொட்டி மாட்டணும்ங்கிற. சரி, அந்தப் பஞ்சாயத்த அப்பறம் வச்சுக்குவோம்.

மொதல்ல இந்தக் காருல பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு தெரியுமா? பின்னால இல்ல. கண்ணாடிக்குக் கீழ, டேஷ்போர்டுக்கு முன்னால. மூடி கண்ணாடிக்கு முன்னாடியே இருக்கு பாரு. கிட்டத்தட்ட 38 லிட்டரு புடிக்கும். பம்பே கெடையாது. டேங்க் ஒசக்க, கார்ப்பரேட்டரு கீழ, தானா வடிஞ்சு போகும். பேட்டரி எங்க? முன்சீட்டுக்காரன் கால் வைக்கிற பலகைக்கு அடியில, சேசிஸ்ல மாட்டுன ஒரு இரும்புத் தொட்டில்ல. ஆகக்கூடி காலடியில கரண்டு, மடியில பெட்ரோலு, நடுவுல நீ. இப்படி ஒரு மருந்து ரூமு கட்டப் போறேன்னு பிளான் போட்டு வெடிமருந்து லைசென்சுக்கு நாக்பூருக்கு அனுப்பிப் பாரேன். அந்தப் பேப்பர்லயே கடலை மடிச்சுத் திருப்பி அனுப்புவாக.

ஆனாலும் 48 லட்சம் காரு அப்படித்தான் ஓடியிருக்கு. அந்த இடத்துல வச்சவன் கூமுட்டை இல்ல. ஏன் வச்சாங்கிறதுக்கு அப்பறம் வாரேன். மொதல்ல உன் சேக்காளிக சொன்னத ஒவ்வொண்ணா எடுப்போம். படிச்ச புள்ளைக சொல்லு, தட்டக் கூடாது.

ஒருத்தன் பின்னால ஒரு பொட்டி அடிச்சு அதுக்குள்ள வச்சுருன்னானா? பெரிய காருல்லாம் டிக்கியிலதான் வச்சிருக்கான்னு சொல்லியிருப்பானே. வாஸ்தவம். 1959-ல வந்த மினி காருல டிக்கியிலதான் பேட்டரி. இஞ்சின் பூராம் முன்னால அடைச்சுக்கிட்டதால எடமில்ல, பின்னால கொண்டு போனான். ஆனா அது 12 வோல்ட்டு மாப்ள. உன் காரு 6 வோல்ட்டு. நான் எட்டாங் கிளாசுதான். ஆனா நம்ம பட்டாசு ஆபீஸ் வேனுக்கு முப்பது வருசம் பேட்டரித் தண்ணி ஊத்துனவன், கணக்கு நல்லா வரும். கேளு.

25 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரு, அதுவே உன் சுண்டுவிரல் தண்டி இருக்கும். அது ஒரு மீட்டருக்கு ஏழு பத்துல மில்லி ஓம் தடை குடுக்கும். பின்னால இருந்து ஸ்டார்ட்டருக்கு மூணரை மீட்டருன்னு வச்சுக்க. மொத்தம் ரெண்டரை மில்லி ஓம். பூனை முடி மாதிரி ஒண்ணுமில்லாத தடைன்னுதான தோணுது? ஸ்டார்ட்டரு 300 ஆம்பியர் இழுத்தா, முக்கால் வோல்ட்டு வயருலயே காலி. இருக்கிறதே 6. அதுல எட்டுல ஒரு பங்கு இஞ்சினப் பாக்காமலே ஆவியாப் போச்சு. அதே வேலைய 12 வோல்ட்டுல செஞ்சா பாதி ஆம்பியர்தான், நஷ்டம் முப்பத்திரெண்டுல ஒரு பங்கு. நாலு மடங்கு வித்தியாசம். அதான் அந்தக் காலத்துல 6 வோல்ட்டு காரு செஞ்சவன் பெரும்பாலும் பேட்டரிய ஸ்டார்ட்டரு பக்கத்துலயே ஒட்டி வச்சான். போர்டுகாரன் ஸ்டார்ட்டரு சுவிட்சயே ஸ்டார்ட்டரு தலையில மாட்டி, ஒரு கம்பி வழியாக் காலால அமுக்க விட்டான். பேட்டரியில இருந்து அங்க போறது ஒரு சாண் ரெண்டு சாண் வயரு. கஞ்சத்தனமில்ல, கணக்கு.

"அப்ப 12 வோல்ட்டா மாத்திருவோம் மாமா"ங்கிற. ஆகா. பல்பு மாத்தணும், காயிலு மாத்தணும், டைனமோ மாத்தணும். அதே பழைய ஸ்டார்ட்டருக்கு 12 குடுத்தா வேகமாத்தான் சுத்தும். சுத்துன வேகத்துல பல்லுச் சக்கரம் பிளைவீல்ல மடார்னு போயி அறையும், அந்த பெண்டிக்ஸ் ஸ்பிரிங் ஒரு நாளைக்குத் தெறிக்கும். பேட்டரிக்கு எடம் தேடப் போயி காரயே வேற காரா ஆக்குற சோலி.

ரெண்டாவது சேக்காளி பானெட்டுக்குள்ள வைக்கச் சொன்னான். அம்பாசிடருல அங்கதான இருந்துச்சுன்னு அவுக அப்பா சொன்னாராக்கும். அம்பாசிடருக்கு அது சரி. அதுக்குன்னு தட்டு வச்சு, எடம் விட்டுச் செஞ்ச வண்டி. உன் காருல அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தொறந்து பாத்தியா? ஒரு பக்கம் எக்சாஸ்ட் மேனிபோல்டு தணலாக் காயும். அதுக்கு அடியிலயே ஜெனித் கார்ப்பரேட்டரு. சொட்டாத ஜெனித்தப் பாத்தவன் கொறைச்சல். அதுக்கு ஒசக்க, தடுப்புத் தகரத்துக்கு அந்தப் பக்கம், 38 லிட்டரு டேங்க். அங்க கொண்டு போயி பேட்டரிய வைக்கணும்னு சொன்னவன நம்ம ஊருல ஒரு நாள் கூட ஆபீஸ் கேட்டுக்குள்ள விட மாட்டோம்.

சூடு இன்னொண்ணு. சித்திரை வைகாசியில நம்ம கரிசக்காட்டுல நெழல்லயே 40 டிகிரி தாண்டும். பேட்டரிக்கு 10 டிகிரி சூடு ஏறுனா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்குச் சொல்வாக. மழை இல்லாத காஞ்ச காத்து தீக்குச்சி காய்றதுக்கு நல்லது, அதனாலதான் நம்ம பொழப்பே ஓடுது. பேட்டரிக்கு ஆகாது. அது நம்மள மாதிரி இல்ல, நெழலும் காத்தும் கேக்கும்.

மூணாவது ஆளு பின்சீட்டுக்கு அடியில வைக்கச் சொன்னான்ல? இவனத்தான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நீ இந்தக் காருல மாப்பிள்ளை அழைப்புப் போகணும், பொண்ணப் பின்னால ஒக்கார வச்சு வரணும்னு ஆசப்பட்டுத்தான வாங்குன? பொண்ணு பின்சீட்டுல, அடியில பேட்டரி. பட்டுச் சேலை கசங்குச்சேன்னு பொண்ணு வீட்டாரு கவலப்படுவாக. நான் வேற எதுக்குக் கவலப்படுவேன்னு சொல்லவா? வோக்ஸ்வாகன் பீட்டில்னு வண்டு மாதிரி ஒரு காரு இருக்குல்ல, அதுல பின்சீட்டுக்கு அடியிலதான் பேட்டரி. கனத்த ஆளு ஒக்காந்தா சீட்டு ஸ்பிரிங் எறங்கி டெர்மினலத் தொடும். மேல மூடி இல்லைன்னா அம்புட்டுத்தான். ஸ்பிரிங் செவந்து, சீட்டுக்குள்ள இருக்கிற நாரு புடிச்சு, காரு பத்துன கதை உலகம் பூராம் இருக்கு. உன் மாமனாரு எத்தன கிலோன்னு ஒரு தடவ விசாரிச்சு வச்சுக்க.

பேட்டரிங்கிறது ஆசிடு இருக்கிற பொட்டின்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்க மாப்ள. அது சின்னதா ஒரு மருந்து ரூமு. சார்ஜ் ஏறி முடிஞ்ச பெறகும் டைனமோ கரண்ட ஊட்டிக்கிட்டே இருந்தா உள்ள தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வாயு கெளம்பும். காத்துல நூத்துக்கு நாலு பங்கு அது கலந்தாப் போதும், ஒரு பொறிக்குக் காத்துக்கிட்டு இருக்கும். அதுவும் என்ன பொறி? நைலான் சட்டையக் கழட்டும்போது படபடன்னு வருதே, அதுல கொஞ்சம் இருந்தாப் போதும். உன் காருல டைனமோ வேற அந்தக் காலத்து மூணாவது பிரஷ் வச்சது. கட்-அவுட் உண்டு, வோல்ட்ட அளந்து நிறுத்துற ரெகுலேட்டரு கெடையாது. பேட்டரி வயிறு ரொம்பிருச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, ஊட்டிக்கிட்டே இருக்கும். பகல்ல மதுர வரைக்கும் ஓட்டிப் போனேன்னா கொதிக்கக் கொதிக்க வாயு வரும். பழைய டிரைவருக பகல்லயே லைட்டப் போட்டு ஓட்டுனது அந்த அதிகக் கரண்ட எரிக்கத்தான். பந்தாவுக்கு இல்ல.

அந்த வாயு காத்த விட 14 மடங்கு லேசு. தொறந்த இடத்துல இருந்தா ஒசக்க போயி கரஞ்சுரும். டிக்கிப் பொட்டிக்குள்ள, சீட்டுக்கு அடியில அடச்சு வச்சா மூடியில போயி தங்கும். நம்ம ஆபீஸ்ல ரூமுக்குக் கதவ வெளிய பாத்துத் தொறக்க விட்டு, ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் தூரம் வச்சு, ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாதுன்னு எழுதி வச்சிருக்கே, ஏன்னு நெனச்ச? அலங்காரத்துக்கா? இத்தினியூண்டு தீப்பெட்டிய எடுத்துக்க. குளோரேட்டு குச்சித் தலையில, செகப்புப் பாஸ்பரசு பொட்டியோட பக்கத்துல. ரெண்டையும் பிரிச்சு வச்சதாலதான் அது சேஃப்டி மேட்சு. ஒண்ணாக் கலந்து வச்சா, பொட்டிய எடுத்தவன் கை இருக்காது. மருந்து அதே மருந்துதான், வச்ச எடந்தான் வேற.

2012-ல செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில நடந்த வெடிவிபத்து உனக்குத் தெரியும். அந்தப் பேச்ச நான் எடுக்கல. ஆனா அதுக்குப் பெறகு இந்தச் சுத்துப்பட்டுல எவனும் "ஒரு பொறிதான மாமா"ன்னு என்கிட்ட வந்து சொன்னதில்ல. நீ நேத்து போன்ல சொன்ன. அதான் காப்பி இன்னும் வரல.

சரி, வெசயத்துக்கு வருவோம். நேத்து நீ பத்திரிகை அடிக்கக் குடுக்க சிவகாசிக்குப் போயிருந்தப்ப நான் உன் கொட்டகைக்குப் போனேன். கோவிக்காத, நீ சாவி எங்க வைப்பேன்னு ஊருக்கே தெரியும். பேட்டரி பின்சீட்டு மேல, நைலான் கயித்தால இறுக்கக் கட்டி, ஒக்காந்த பெரிய மனுசன் கணக்கா இருந்துச்சு. அங்கருந்து ஒரு வயரு சீட்டு இடுக்கு வழியா, ஓட்ட போட்ட தகரம் வழியா முன்னால போகுது. அந்த ஓட்டயில ரப்பரு இல்ல. தகர விளிம்பு வயரு மேல ஒக்காந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் குலுங்குனா அறுத்துரும். வயருக்கு நடுவுல பியூசும் இல்ல. போர்டுகாரனும் அந்தக் காலத்துல பியூஸ் வைக்கல, உண்மதான். ஆனா அவன் வயரு ரெண்டு சாணு. உன்னோடது காருக்குள்ள பூராம் ஊர்வலம் போகுது.

நான் முன்னால போயி காலடிப் பலகையப் பாத்தேன். பலகை இல்ல. ஒரு காலத்துல மரம் இருந்துச்சு. எவனோ உளுத்துப் போச்சுன்னு எடுத்துப் போட்டுட்டு கெட்டி இரும்புத் தகரத்த வெட்டிப் போட்டிருக்கான். போல்ட்டக் கழட்டித் தகரத்தத் தூக்கி, திருப்பி வெளிச்சத்துல பாத்தேன். அடிப்பக்கம் பூராம் துருவும் மண்ணும். ஒரே ஒரு எடத்துல மட்டும் ரெண்டு ரூவா காசு அகலத்துக்குப் பளபளன்னு தேஞ்சு, சுத்தி நீலம் பாஞ்சு, நடுவுல ஊசி குத்துன மாதிரி ரெண்டு உருகுன குழி. விரல வச்சுப் பாத்தேன், சொரசொரன்னு இருந்துச்சு. அந்த எடத்துக்கு நேர் கீழ என்ன? பேட்டரித் தொட்டில். தொட்டிலுக்குள்ள பேட்டரி இருந்தா டெர்மினலு எங்க வருமோ, சரியா அங்க.

இப்பப் புரியுதா, பேட்டரி ஏன் அந்த இடத்துல இருந்து ஓடுச்சுன்னு? மரம் இருந்த வரைக்கும் யாரு மிதிச்சாலும் ஒண்ணுமில்ல. தகரத்தப் போட்டான். எவனோ ஒருத்தன் பிரேக்க அழுத்துறேன்னு குதிகாலால தகரத்த அமுக்கியிருக்கான், அது வளஞ்சு டெர்மினலத் தொட்டிருக்கு. பாசிட்டிவ் எர்த்துப் பண்ணுன காரு, சேசிஸ் பூராம் பாசிட்டிவ். நெகட்டிவ் முனையத் தகரம் தொட்டா நேரா ஷார்ட்டு. பொறி பறந்திருக்கும். அவன் பயந்து போயி பேட்டரியத் தூக்கிப் பின்சீட்டுல வச்சுட்டு, தகரத்த அப்படியே விட்டுட்டான். குத்தம் பண்ணுனது தகரம், ஊர விட்டுத் தள்ளி வச்சது பேட்டரிய.

ஆகக்கூடி நீ கேக்க வேண்டியது பேட்டரிக்கு எடம் இல்ல மாப்ள, தகரத்துக்கு. எடைக்குப் போடுற எடம்.

தொட்டில்லயே திருப்பி வையி. அங்க கனம் கீழ இருக்கும், ஓடும்போது காத்து அடியில அடிக்கும், வாயு தங்காது, இஞ்சின் சூடு அம்புட்டா வராது, வயரு ரெண்டு சாண். கொறையும் இருக்கு, மறைக்கல. மண்ணும் சேறும் அடிக்கும், மழைக்கு நனையும். அதெல்லாத்தையும் விட மோசம், கண்ணுல படாது. கண்ணுல படாத பேட்டரிக்கு எவனும் தண்ணி ஊத்த மாட்டான். மாசம் ஒரு தடவ பலகையத் தூக்கணும்னா உனக்குச் சோம்பல் வரும்னு எனக்குத் தெரியும், உன்னத் தொட்டில்ல போட்டு ஆட்டுனவன் நான்.

அந்தத் தொட்டிலும் ஆசிடு வழிஞ்சு வழிஞ்சு ஒரு மூலை மாவா உதிருது. ஆப்பச்சோடாவத் தண்ணியில கரச்சு ஊத்து. நுரைக்கிற வரைக்கும் ஆசிடு இருக்குன்னு அர்த்தம். நுரை நின்ன பெறகு கழுவிக் காய வச்சு, சொரண்டி, ஆசிடு தாங்குற பெயின்ட் அடி. உதிருற மூலைக்குத் தகடு வெட்டி நம்ம ஊரு பட்டறையிலயே வெல்டிங் வச்சுக்கலாம். ஆனா தொட்டிலக் கழட்டி எடுத்துட்டுப் போயி வை. பெட்ரோல் டேங்க் அடியில உக்காந்து வெல்டிங் வைக்கிற ஆளு எவனாச்சும் கெடச்சா, அவன் பேர என்கிட்ட சொல்லு, தெருவுல பாத்தா ஒதுங்கிப் போகணும். அடியில ஒரு ரப்பர் விரிப்புப் போடு, நம்ம ரூமுல தரையில போடுறமே, அது மாதிரி. மேல இறுக்குற பட்டி இரும்பா இருந்தா டெர்மினலு பக்கம் போகாம வளச்சு விடு. டெர்மினலு ரெண்டுக்கும் ரப்பர் மூடி போடு. வாஸ்லின் தடவு.

அதுக்கு மேல பலகை. நல்ல கெட்டி மரம். பேட்டரிக்கு நேரா மட்டும் தனியா ஒரு சின்ன மூடி வெட்டி விட்டேன்னா, பூராப் பலகையும் தூக்க வேணாம். உன் சோம்பலுக்கும் ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டேன் பாத்தியா? எர்த்து முனையில ஒரு கட்-ஆப் சுவிட்ச் வையி. ராத்திரி காரக் கொட்டகையில விடும்போது அதத் திருகி விட்டுட்டு, அப்பறமாப் போயி தூங்கு. ஸ்டார்ட்டருக்குப் போற தடி வயருக்கு வேணாம், மத்த லைட்டு ஹாரன் லைனுக்கு ஸ்டார்ட்டரு சுவிட்சுப் பக்கத்துலயே ஒரு 30 ஆம்பியர் பியூஸ் போட்டுக்க. போர்டுகாரன் விட்ட அந்த ஒரு கொறையத் தீத்து வைக்கிற பெரும உனக்குத்தான்.

சீல் பண்ணுன பேட்டரி வாங்குனா தண்ணியே ஊத்த வேணாமாம், கடைக்காரன் சொன்னானாக்கும். நிறுத்தத் தெரியாத டைனமோவுக்கு அது தோதுப்படாது. வாயுவாப் போன தண்ணியத் திருப்பி ஊத்த வழியே இல்லாம அது காஞ்சு சாகும். தண்ணி ஊத்துற பழைய மாதிரி பேட்டரியே வாங்கு, மூணு செல்லு, 6 வோல்ட்டு. கடையில தேடித்தான் வாங்கணும், நாளு கொஞ்சம் ஆகும். கல்யாணத்துக்குள்ள கெடைக்குமான்னு கேக்காத. கல்யாணத்துக்கு இந்தக் காரு எதுக்கு?

அது ஒண்ணு இருக்கு, சொல்ல மறந்துட்டேன். மறக்கல, காப்பி வரட்டும்னு இருந்தேன். 2021-ல சென்ட்ரல் கவர்மென்டு ஒரு விதி போட்டிருக்கு. பதிஞ்சு 50 வருசம் தாண்டுன காரு, கம்பெனியில வந்த மேனிக்கு இருக்கிற காரு, அதுக்கு விண்டேஜுன்னு தனி நம்பர், மாநில எழுத்துக்குப் பின்னால வி.ஏ.ன்னு போட்டு வரும். புதுசாப் பதிய 20,000 ரூவா. பத்து வருசத்துக்குச் செல்லும். பெறகு புதுப்பிக்க 5,000. ஆனா சேசிசையோ பாடியையோ இஞ்சினையோ பெருசா மாத்தியிருக்கக் கூடாது. அதனால பேட்டரிக்கு எடம் பண்ணுறேன்னு சேசிஸ வெட்டுற ஆசை இருந்தா இப்பவே விட்டுரு. அந்த நம்பர வாங்குன காரச் சும்மா சந்தைக்கும் சாவடிக்கும் ஓட்டிக்கிட்டுத் திரியவும் முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு போகலாம். வாடகைக்கு விடவே கூடாது. கல்யாண ஊர்வலத்தக் கண்காட்சின்னு சொல்லி ஒரு ஆளு தப்பிக்கலாம்னு நெனப்பான். உன் மூஞ்சிய வச்சு நான் அத நம்ப மாட்டேன்.

கோயமுத்தூரு அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு குடும்பத்து ஆளுக வச்ச கார் மியூசியம் இருக்கு, 2015-ல இருந்து. போனா நீ என்ன பண்ணுவ? முன்னால நின்னு போட்டா எடுப்ப. அப்படிப் பண்ணாம, குனிஞ்சு அடியிலயும் சீட்டுக்குக் கீழயும் பாரு. எந்தக் காருல பேட்டரிய எங்க வச்சான், ஏன் அங்க வச்சான்னு ரெண்டு மணி நேரம் பாத்தேன்னா உன் மூணு சேக்காளிக்கும் நீ வாத்தியாராகலாம். காவல்காரரு "தொடாதீங்க"ம்பாரு. தொடாத. கண்ணுக்கு அவரு டிக்கெட் கேக்க மாட்டாரு.

பொழுது சாயுறதுக்குள்ள மாட்டிரலாம்னு கெளம்பாத. மொதல்ல அந்தக் கையில என்னது? இரும்புக் காப்பா? மோதிரம் வேற. ரெண்டையும் கழட்டி அத்தைகிட்டக் குடு. ஸ்பேனரு ஒரு பக்கம் டெர்மினலையும் மோதிரம் இன்னொரு பக்கம் சேசிசையும் தொட்டா, நிச்சயதார்த்த மோதிரத்தோட சேத்து விரலும் போகும். பொண்ணு வீட்டாரு மோதிரத்துக்குத்தான் கணக்குக் கேப்பாக. ஸ்பேனருக்குப் பிடி வரைக்கும் டேப்பு சுத்து. கழட்டும்போது எர்த்த மொதல்ல கழட்டு, மாட்டும்போது எர்த்தக் கடசியா மாட்டு. உன் காருக்கு எர்த்து எதுன்னு நாலு தடவ சொல்லு பாப்போம். நெகட்டிவா? பாத்தியா! இப்பத்தான சொன்னேன், பாசிட்டிவ்னு. மாத்திக் குடுத்தேன்னா ஆம்பியர் மீட்டரு பின்னால ஓடும், அதப் பாத்துட்டு நீ காரு ரிவர்ஸ்ல போகுதுன்னு சொல்லுவ. பேட்டரிக்குள்ள தலைய விட்டு எட்டிப் பாக்காத. தண்ணி மட்டம் பாக்கணும்னா டார்ச்சு லைட்டு அடி. தீக்குச்சி கிழிச்சுப் பாத்த ஆளு ஒருத்தரு இருந்தாரு, புருவம் வளர ஆறு மாசம் ஆச்சு. அவரு யாருன்னு கேக்காத, உங்க அத்தைக்கு அது புடிக்காது.

பேட்டரி இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணுறதுன்னு கேக்குற. முன்னால ஒரு ஓட்ட இருக்குல்ல, அதுல கம்பிய விட்டுக் கையால சுத்தணும். ஆனா இது மாடல் டி இல்ல, மாக்னெட்டோ கெடையாது, காயிலுக்கே பேட்டரி வேணும். அதனால பேட்டரி செத்துட்டா சுத்திக் கைதான் வலிக்கும். பேட்டரி கொஞ்சம் உயிரா இருந்தா சுத்தலாம். அப்பவும் ஸ்டியரிங்ல இருக்கிற ஸ்பார்க் லீவர நல்லா ஒசக்க தள்ளிட்டுச் சுத்து. தள்ளாம விட்டேன்னா இஞ்சின் திருப்பி ஒதைக்கும், மணிக்கட்டு போகும். 1912 மாடல் காடிலாக் காருக்கு கெட்டரிங்னு ஒருத்தரு கரண்டு ஸ்டார்ட்டரு கண்டுபிடிச்சுக் குடுத்ததே இந்தக் கைமுறிவப் பாத்துத்தான். அவரு புண்ணியத்துல எத்தனையோ பேரு கை தப்பிச்சுச்சு. நீ தாலி கட்ட வேண்டிய கை, பாத்து நடந்துக்க.

இந்தா, காப்பி வந்துருச்சு. குடி. குடிச்சுட்டு அந்தத் தகரத்தத் தூக்கிட்டு வா, பழைய இரும்புக் கடைக்காரன் நாளைக்கு இந்தப் பக்கம் வாரான். அவன்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னால அந்த உருகுன குழிய உன் சேக்காளிக மூணு பேருக்கும் காட்டு. காட்டும்போது நீயே கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். மர ஆசாரிகிட்ட நானே சொல்லி வைக்கிறேன். பெட்ரோல் டேங்க் மூடி ஒரு பக்கமா நெளிஞ்சு ஒழுகுது, அதையும் இன்னொரு நாளைக்கு வந்து கேப்ப, தெரியும். அதுவரைக்கும் கொட்டகையத் தொறந்து போட்டு வையி. காரு ரெடியாகி மொதல் சவாரிக்கு யாரக் கூட்டிட்டுப் போகன்னு யோசிச்சேன்னா, என்னைய நெனைக்காத. உன் சேக்காளிக இருக்கானுகள்ல, படிச்ச புள்ளைக. பின்சீட்டு காலியாத்தான் இருக்கும்.